இடம்பெயரும் மருத்துவமனை: கொரியப் போரில் 60-ஆவது பாரசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் ஊழியர்களின் அன்றாட வாழ்க்கை



ஆம்புலன்ஸ் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது சைரன் ஒலியுடன் விரையும் வெள்ளை வண்டிதான். இராணுவத்தில் ‘ஃபீல்ட் ஆம்புலன்ஸ்’ என்னும் சொல்லுக்குப் பொருள் வேறு. அது ஒரு வண்டியின் பெயரன்று; ஒரு படைப்பிரிவின் பெயர். டாக்டர்கள், நர்சிங் ஆர்டர்லிகள், ஸ்ட்ரெச்சர் தூக்குவோர், டிரைவர்கள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள், ஸ்டோர் கீப்பர்கள் எல்லோரும் சேர்ந்து, போர்முனைக்குப் பின்னால் கூடாரம் அடித்து நடத்தும் மருத்துவமனை அது. படை முன்னேறினால் அதுவும் முன்னேறும். படை பின்வாங்கினால் மூட்டை கட்டிக்கொண்டு பின்வாங்கும்.

அப்படியொரு இந்திய மருத்துவமனை 1950-ஆம் ஆண்டு நவம்பரில் கடல் கடந்து கொரியாவுக்குச் சென்றது. அதன் தலைவர் நம்மவர். பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்தவரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அவரைப் பற்றிய குறிப்புகள் அவ்வப்போது பத்திரிகைகளில் வருவதுண்டு. ஆனால் அவருடன் சென்ற மற்ற முந்நூற்றுச் சொச்சம் பேரும் அங்கே என்ன வேலை செய்தார்கள், அந்த மருத்துவமனை நாள்தோறும் எப்படி நடந்தது என்று எழுதுவோர் குறைவு. ரயில்வேயில் டிப்ளமா எஞ்ஜினீயராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் பக்கம்தான் மிகவும் ஈடுபாடு. மேலும், இந்த மருத்துவமனையின் கதையில் ஒரு நீராவி எஞ்ஜினும் வருகிறது. ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

போரின் பின்னணி

1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படைகள் தென்கொரியாவுக்குள் புகுந்தன. ஐக்கிய நாடுகள் சபை தென்கொரியாவுக்கு உதவும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் துருக்கியும் மற்றும் பல நாடுகளும் போர்ப்படைகளை அனுப்பின. பிரதமர் நேருவின் அரசு அணிசேராக் கொள்கையை வகுத்துக்கொண்டிருந்த காலம் அது. போரிடும் வீரர்களை அனுப்பாமல், காயம்பட்டவர்களைக் காப்பாற்ற ஒரு மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்புவதென இந்தியா முடிவு செய்தது.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான் 60-ஆவது பாரசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். மொத்தம் 346 பேர். அவர்களில் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் நால்வர். மயக்க மருந்து கொடுப்பவர்கள் இருவர். பல் டாக்டர் ஒருவர். இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கத்தி பிடிக்கும் கை நான்கு பேருடையது. அந்த நான்கு பேரும் இரவு பகலாக வேலை செய்ய வேண்டுமானால், அவர்களைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஓயாமல் உழைக்க வேண்டியிருந்தது.

ரங்கராஜ் இதற்கு முன்பே பேர் பெற்ற வீரர். 1941-இல் விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர். 1944-இல் மணிப்பூர்ப் பகுதியில் ஜப்பானியர்களை எதிர்த்து நடந்த சாங்ஷக் போரில் பாரசூட் பட்டாலியனின் டாக்டராக இருந்தவர். சாவகாசமான ஆஸ்பத்திரி வேலை அல்ல, குண்டு விழும் இடத்தில் மருத்துவம் பார்ப்பதே அவருக்குப் பழக்கமாயிருந்தது.

காயம்பட்டவர் செல்லும் வழி

ஊழியர்களின் வேலையைப் புரிந்துகொள்ள, காயம்பட்ட ஒரு வீரர் எந்த வழியாகச் செல்கிறார் என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

முதல் நிலை, அவருடைய பட்டாலியனின் முதலுதவி நிலையம். இரத்தப்போக்கை நிறுத்திக் கட்டுப் போட்டு, வலி தணிய மார்ஃபின் ஊசி போடுவார்கள். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில் ஃபீல்ட் ஆம்புலன்ஸின் முன்னணிச் சிகிச்சை நிலையத்துக்கு வருவார். மலைப்பாங்கான நிலத்தில் ஒருவரைச் சுமக்க நால்வர் வேண்டும். கொரியாவின் செங்குத்தான குன்றுகளில், முதுகில் மரச் சட்டம் கட்டிச் சுமை தூக்கும் கொரியத் தொழிலாளர்கள் மேலே குண்டும் உணவும் கொண்டுசென்று, திரும்பும்போது காயம்பட்டோரைக் கீழே இறக்கி வந்தார்கள்.

முன்னணி நிலையத்தில் முதல் வேலை தரம் பிரித்தல். உடனே அறுவை தேவைப்படுபவர், சற்றுப் பொறுக்கக்கூடியவர், சிறு காயக்காரர் என்று பிரித்து, ஒவ்வொருவர் உடையிலும் ஒரு மருத்துவ அட்டை கட்டப்படும். என்ன காயம், எத்தனை மணிக்கு மார்ஃபின் கொடுக்கப்பட்டது, என்ன கட்டு என்று அதில் குறிப்பார்கள். இந்த அட்டையை எழுதுபவர் பெரும்பாலும் ஓர் ஆர்டர்லிதான். அவர் மணியைக் குறிக்க மறந்தால், அடுத்த நிலையத்தில் மறுபடியும் மார்ஃபின் போட்டுவிடுவார்கள், மூச்சே நின்றுவிடலாம். ரயில்வேயில் டோக்கன் இல்லாமல் ஒற்றைப் பாதையில் வண்டியை அனுப்புவதற்கு நிகரான ஆபத்து அது.

பிறகு இரத்தம் அல்லது பிளாஸ்மா ஏற்றி, உடலைச் சூடாக்கி, அறுவை முடித்து, பின்னாலுள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். கொரியப் போரில்தான் ஹெலிகாப்டரில் காயம்பட்டோரைத் தூக்கிச் செல்வது பெருமளவில் வழக்கத்துக்கு வந்தது. இந்த ஏற்பாடுகளால் விளைந்த பயன் கண்கூடு. அமெரிக்கப் படையின் கணக்குப்படி, மருத்துவ நிலையத்தை உயிரோடு அடைந்த பிறகு இறந்தவர்கள் இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கு 4.5 பேர், கொரியாவில் 2.5 பேர்.

ஒரு நாளின் வேலைகள்

போர் என்றால் எந்நேரமும் குண்டுச் சத்தமும் இரத்தமும் என்று நாம் நினைக்கிறோம். கள மருத்துவமனையில் பெரும்பாலான நாட்கள் அப்படி இருப்பதில்லை. தாக்குதல் நடக்கும் சில நாட்களில் தூக்கமே கிடையாது. மற்ற நாட்களிலோ நம் வீட்டு வேலை போலவே, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒழுங்குதான்.

பொழுது புலருமுன் எழுந்து அடுப்பு மூட்டுவதில் நாள் தொடங்கும். காலையில் நோயாளிகள் வரிசை. போர்க்காயத்தைவிட நோயால் வருவோரே எந்தப் போரிலும் அதிகம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல்வலி, குளிர்காலத்தில் பனியில் விறைத்த கால்விரல்கள். படுத்திருப்பவர்களுக்குக் கட்டு மாற்றுதல், உடல் துடைத்தல், ஊசி. பெனிசிலின் அப்போது சில மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மருந்தாக இருந்ததால், இரவு டியூட்டி ஆர்டர்லிக்கு உட்கார நேரம் இராது.

இதற்கிடையே டிரைவர்கள் வண்டிகளைச் சோதிப்பார்கள். ஸ்டோர் கீப்பர் கட்டுத்துணி, பஞ்சு, சலைன் பாட்டில்களை எண்ணி, வேண்டியதற்கு இண்டென்ட் எழுதுவார். சலவைக்காரர் இரத்தக்கறை படிந்த துணிகளை முதலில் குளிர்ந்த நீரில் ஊறப்போடுவார். வெந்நீரில் போட்டால் கறை இறுகிவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்ததே. துப்புரவுத் தொழிலாளர்கள் கழிப்பிடக் குழிகளை வெட்டுவதும் மூடுவதும், பழைய கட்டுத்துணிகளை எரிப்பதும் அன்றாட வேலை.

இந்தக் கடைசி வேலையை யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம். 1951-இல் கொரியாவில் ஐ.நா. வீரர்களிடையே இரத்தக்கசிவுடன் கூடிய ஒரு புதுக் காய்ச்சல் பரவியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். காரணமான வைரஸை லீ ஹோ-வாங் என்னும் கொரிய விஞ்ஞானி 1970-களில்தான் கண்டறிந்தார். அது வயல் எலிகளிடமிருந்து பரவுவது என்பதும் அப்போதுதான் உறுதியாயிற்று. கொரியாவின் ஹான்டான் ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கிருமியின் பெயர் தெரியாத அக்காலத்தில், எலி அண்டாமல் முகாமைச் சுத்தமாக வைத்திருந்தவரும் ஒரு வகையில் மருத்துவம் பார்த்தவரே.

தண்ணீரும் ஆவியும்

மைசூரில் கே.ஆர். ஆஸ்பத்திரிக்கு நாம் போகிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. இவை இருப்பதையே நாம் கவனிப்பதில்லை. கள மருத்துவமனையில் இவை எதுவும் தானாக வராது.

தண்ணீரை ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ கொண்டுவர வேண்டும். வடிகட்டி, குளோரின் கலந்து, குறைந்தது அரைமணி நேரம் விட்டுவைத்த பிறகே குடிக்கக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஓர் ஆள் பொறுப்பாக இருப்பார். அவர் அவசரப்பட்டால் மறுநாள் பாதி முகாம் வயிற்றுப்போக்கில் படுத்துவிடும்.

அறுவைக்கு வேண்டிய துணியும் பஞ்சும் வெறும் வெந்நீரில் கொதித்தால் போதாது. கிருமிகளில் சில, விதை போன்ற உறைக்குள் ஒடுங்கிக்கொண்டு 100 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். போர்க்களத்து மண்ணில் உள்ள டெட்டனஸ் கிருமியும், சதையை அழுகச் செய்யும் கிருமியும் இவ்வகையே. அவற்றை அழிக்க ஆவியை மூடிய பாத்திரத்தில் அழுத்த வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் ஆவியின் வெப்பம் 121 டிகிரி ஆகும். அந்த வெப்பத்தில் 15 நிமிடமாவது வைத்திருந்தால் அந்த உறைக்கிருமிகளும் மடியும்.

இல்லத்தரசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் பிரஷர் குக்கர் வேலை செய்வதும் ஏறத்தாழ இதே அழுத்தத்தில்தான். குக்கரில் ஆவி நன்றாக வரத் தொடங்கிய பிறகே வெயிட் போடுகிறோம் அல்லவா? உள்ளிருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும் என்பதே காரணம். காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 பவுண்டு காட்டும். ஆனால் வெப்பம் 121-ஐ எட்டியிராது. துணி சுத்தமாகிவிட்டதென்று எல்லோரும் நம்புவார்கள். கிருமி உயிரோடு இருக்கும். வேலை முடிந்த பின் துணி உலர்ந்திருக்கவும் வேண்டும், ஏனெனில் ஈரத்துணி வழியாகக் கிருமி மீண்டும் உள்ளே புகும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன் உட்கார்ந்து, கடிகாரத்தையும் முள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளரின் பொறுமையில்தான் சர்ஜனின் திறமை பலிக்கிறது.

ஆவியைப் பற்றிப் பேசிக்கொண்டே அந்த எஞ்ஜினுக்கு வந்துவிட்டோம்.

பியாங்யாங் ரயில்

இந்தியப் பிரிவு வடக்கே பியாங்யாங் நகரை அடைந்த சில நாட்களிலேயே நிலைமை தலைகீழாயிற்று. சீனப் படைகள் பெரும் எண்ணிக்கையில் தாக்க, 1950 டிசம்பர் முதல் வாரத்தில் ஐ.நா. படைகள் பியாங்யாங்கைக் கைவிட்டுத் தெற்கே பின்வாங்கின. ரங்கராஜின் பிரிவுக்கும் கிளம்பும்படி உத்தரவு வந்தது. ஆட்கள் போய்விடலாம், ஆனால் மருத்துவமனைச் சாமான்களை ஏற்றப் போதிய வண்டிகள் இல்லை.

விட்டுவிட்டுப் போவதுதான் சுலபமான வழி. ஆனால் கூடாரம், ஸ்டெரிலைசர், அறுவைக் கருவிகள், மருந்துப் பெட்டிகள் எல்லாம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றை இழந்தால் மறுபடி கிடைக்க மாதங்களாகும். அதுவரை அந்த 346 பேரும் மருத்துவமனையாக இருக்க மாட்டார்கள். வெறும் கூட்டமாகத்தான் இருப்பார்கள்.

சாமான்களைக் கைவிட ரங்கராஜ் உடன்படவில்லை. தேடியதில் ஒரு பழைய நீராவி எஞ்ஜினும் சில பெட்டிகளும் கிடைத்தன. எஞ்ஜின் ஓட்டப் பழகியவர்கள் அந்தப் பிரிவின் ஜவான்களிடையே இருந்தார்கள். எஞ்ஜினில் தண்ணீர் இல்லை. மற்றவர்கள் வரிசையாக நின்று, வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி பாய்லரை நிரப்பினார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் ஆற்றைக் கடந்து சியோல் வந்து சேர்ந்தார்கள்.

நூல்களில் இது இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். நீராவி எஞ்ஜின்களோடு பழகிய எங்களைப் போன்றவர்களுக்கோ அந்த ‘வாளி வாளியாக’ என்னும் சொல்லில் எத்தனை உழைப்பு அடங்கியிருக்கிறது என்று தெரியும். அதைச் சற்று விளக்குகிறேன்.

சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்ஜினில், டெண்டரில் உள்ள தண்ணீரை இன்ஜெக்டர் என்னும் கருவி பாய்லருக்குள் செலுத்தும். இன்ஜெக்டர் இயங்க ஆவி வேண்டும். ஆவி உண்டாகப் பாய்லரில் தண்ணீர் இருக்க வேண்டும். ஆறிப்போன வெற்றுப் பாய்லரில் இரண்டும் இல்லை. லோகோ ஷெட்டில் ஹைட்ரன்ட்டிலிருந்து குழாய் மாட்டி நிரப்புவோம். ஷெட்டும் ஹைட்ரன்ட்டும் இல்லாத இடத்தில் மனிதக் கைதான் ஹைட்ரன்ட்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாய்லருக்கும் டெண்டருக்குமாகப் பத்தாயிரம் லிட்டர் ஊற்ற வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நடுத்தர எஞ்ஜினுக்கு அது அதிகமன்று. ஒரு வாளி பத்து லிட்டர் என்றால் ஆயிரம் வாளி. ஐந்து நொடிக்கு ஒரு வாளி வீதம், ஒரு நிமிடமும் நிற்காமல் கைமாற்றினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதுவும் டிசம்பர் மாதத்து வடகொரியக் குளிரில், சிந்திய தண்ணீர் காலடியில் உறையும்போது.

அதன் பிறகு நெருப்பு. குளிர்ந்த பாய்லரில் ஓடுவதற்கு வேண்டிய ஆவி எழும்பப் பல மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் இரும்புத் தகடுகள் சமமின்றி விரிந்து ஒழுகத் தொடங்கும். நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் தகடு பழுக்கக் காய்ந்து பாய்லர் வெடித்துவிடும். அதனால்தான் ஃபயர்மேனின் கண் எப்போதும் நீர்மட்டக் கண்ணாடியின் மீதே இருக்கும். எதிரி நெருங்கிவரும் நேரத்தில், முன்பின் அறியாத எஞ்ஜினில் இத்தனையையும் பொறுமையாகச் செய்த அந்த ஜவான்களின் நிதானத்தை நினைத்து வியக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: இந்தியாவில் படித்த பாதை அளவு கொரியாவில் உதவாது. மைசூர்ப் பக்கம் அப்போது மீட்டர் கேஜ்; வடக்கே பிராட் கேஜ்; கொரியாவிலோ இரண்டுக்கும் இடைப்பட்ட, 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை. ஆனால் தண்டவாளத்தின் அகலம் மாறினாலும் பாய்லரின் சட்டம் மாறுவதில்லை. ஒரு தொழிலின் அடிப்படையைச் சரியாகக் கற்றவர் எந்த நாட்டிலும் கைகட்டி நிற்க மாட்டார்.

குளிரும் இரத்தமும்

சியோலை அடைந்த பிரிவு, டிசம்பர் நடுவில் 27-ஆவது பிரிட்டிஷ் காமன்வெல்த் பிரிகேடுடன் சேர்ந்தது. முதல் குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. சில இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி வரை போயிற்று. மைசூரின் மார்கழிப் பனிக்கே ஸ்வெட்டர் தேடும் நமக்கு அதைக் கற்பனை செய்வதும் கடினம்.

அந்தக் குளிரில் மருத்துவமனை வேலையின் முறையே மாறிவிடும். இரத்தம் உறைந்து உருகினால் அதன் சிவப்பணுக்கள் உடைந்து, நோயாளிக்கு ஏற்றத் தகுதியற்றதாகிவிடும். உலர்ந்த பிளாஸ்மாத் தூளைக் கரைக்கும் தண்ணீரும் பாட்டிலிலேயே உறையும். அதே குளிர்காலத்தில் அமெரிக்கப் படையின் முதலுதவி ஊழியர்கள் மார்ஃபின் ஊசிக் குழல்கள் உறையாமலிருக்க அவற்றை வாயில் அடக்கி வைத்திருந்தார்கள். இரவு முழுவதும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்பவர், வண்டி எஞ்ஜின் உறைந்துவிடாமல் அவ்வப்போது ஓடவிடும் டிரைவர், காயம்பட்டவரின் ஈரக் காலுறையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுபவர் எல்லோரும் உயிர் காத்தவர்களே.

வானத்திலிருந்து இறங்கிய மருத்துவமனை

1951 மார்ச் 23 அன்று சியோலுக்கு வடக்கே முன்சான்-னி என்னும் இடத்தில், அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பாரசூட்டில் குதித்தார்கள். அவர்களுடன் ரங்கராஜ் உட்பட 12 இந்தியர்களும் குதித்தார்கள். போரிட அல்ல, இறங்கிய இடத்திலேயே அறுவைச் சிகிச்சை நிலையம் அமைக்க.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? முந்நூறு பேர் செய்யும் வேலையைப் பன்னிரண்டு பேருக்கும், லாரிக் கணக்கான சாமான்களைச் சில மூட்டைகளுக்கும் சுருக்கியாக வேண்டும். பாரசூட்டில் இறக்கும் மூட்டைகள் காற்றில் சிதறி விழும். ஒன்று காணாமல் போனாலும் மற்றவற்றால் சமாளிக்கும்படி பொருள்களைப் பிரித்துக் கட்டியிருக்க வேண்டும். எல்லாக் கத்தியையும் ஒரே மூட்டையில், எல்லா மயக்க மருந்தையும் இன்னொரு மூட்டையில் வைத்தால், ஒரு மூட்டையின் இழப்பு முழு மருத்துவமனையையும் முடக்கிவிடும். பொட்டலம் கட்டுபவரின் யோசனை அவ்வளவு முக்கியமானது. அந்த நடவடிக்கையில் அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட காயக்காரர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள்.

அடுத்த மாதம் கப்யோங் போரிலும், அதே ஆண்டு அக்டோபரில் இம்ஜின் ஆற்றை அடுத்த குன்றுகளில் நடந்த தாக்குதலிலும், காமன்வெல்த் வீரர்கள் நம்பியிருந்தது இந்த இந்தியக் கூடாரங்களைத்தான். பியாங்யாங் ரயிலில் வந்த சாமான்களை அன்றே விட்டுவிட்டிருந்தால் இந்தப் பணிகளில் எத்தனை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தேகு நகரில் இன்னொரு பாதி

பிரிவு முழுவதும் போர்முனையில் இருக்கவில்லை. ஒரு பகுதி மேஜர் என்.பி. பானர்ஜியின் பொறுப்பில் தெற்கே தேகு நகரில் இயங்கியது. அங்கே பொதுமக்களுக்கும் தென்கொரிய இராணுவ நோயாளிகளுக்கும் சிகிச்சை அளிப்பது அவர்கள் வேலை. அகதிகளால் நிரம்பிய நகரம், மொழி தெரியாது. வலி எங்கே என்று கேட்கவும், மருந்து எத்தனை வேளை என்று சொல்லவும் சைகையும் அரைகுறைச் சொற்களுமே துணை.

பிழைப்புக்காக மொழி வேறான ஊருக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு இந்த நிலைமை புரியும். வந்த புதிதில் கடைத்தெருவில் விரல் விட்டு எண்ணிப் பேசியவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாம் கன்னடம் கற்றுக்கொண்டது அண்டை அயலாரின் பொறுமையால். அங்கே நோயாளிக்கும் ஆர்டர்லிக்கும் நடுவில் வேலை செய்ததும் அதே பொறுமைதான்.

ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்ரம் வழங்கப்பட்டது. ஒருவர் போர்முனையில் செய்த பணிக்கும், மற்றவர் பின்னால் இருந்து செய்த பணிக்கும் ஒரே விருது கிடைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

பணி நிறைவு

1953 ஜூலை 27 அன்று போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. நாடு திரும்ப விரும்பாத போர்க்கைதிகளின் பிரச்சினையைத் தீர்க்க நடுநிலை நாடுகளின் குழு ஒன்று அமைந்தது. அதன் தலைவர் நம் மைசூருக்கு அடுத்த குடகின் மடிகேரியில் பிறந்த ஜெனரல் கே.எஸ். திம்மய்யா. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை இந்தியக் காவல் படை பொறுப்பேற்றபோது, 60-ஆவது பிரிவும் அதனுடன் பணியாற்றிவிட்டு 1954-இல் நாடு திரும்பியது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த அந்தப் பணியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. 1955-இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அப்பிரிவுக்குச் சிறப்புக் கோப்பை வழங்கிக் கௌரவித்தார். 2021-இல் தில்லி கண்டோன்மென்ட்டில் திறக்கப்பட்ட இந்திய-கொரிய நட்புறவுப் பூங்காவிலும் இந்தப் பிரிவின் பணி நினைவுகூரப்பட்டுள்ளது.

ரங்கராஜ் பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசகராக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். பாதையில்லாத மலைக் கிராமங்களுக்கு மருந்தையும் ஆட்களையும் கொண்டுசேர்க்கும் வேலை அது. கொரியாவில் பழகியவருக்கு அது புதிதாக இருந்திருக்காது.

நமக்கான பாடம்

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை டாக்டர் என்றால் எழுந்து நின்று பேசுகிறோம். ஆஸ்பத்திரியில் ஸ்டெரிலைசர் பார்ப்பவன், லேப் டெக்னீஷியன், வார்டு பாய் என்றால் ‘வேறு வேலை கிடைக்கவில்லையா’ என்று கேட்கிறோம். கல்யாணப் பேச்சிலும் அப்படியே. டிப்ளமா படித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வியின் சூடு எனக்கும் தெரியும். அறுபதாவது பிரிவின் கதை இதற்கு நேரான பதில். சர்ஜன் நால்வரும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், அன்று பியாங்யாங்கில் எஞ்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல், வாளி தூக்கக் கைகள் இல்லாமல் போயிருந்தால், அவர்கள் கத்தியில்லாத சர்ஜன்களாகத்தான் சியோல் வந்திருப்பார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பும் முன், படுக்கை விரிப்பு மாற்றியவரிடமும் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வருவோம்.

பிள்ளைகளுடன் சேர்ந்து யோசிக்க

1. நம் ஊர் ரயில்வே மியூசியத்தில் பழைய நீராவி எஞ்ஜின்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் சென்று, நெருப்பு எரியும் இடம், பாய்லர், தண்ணீர் நிரப்பும் இடம் ஆகியவற்றைக் காட்டுங்கள். வாளியால் நிரப்புவதென்றால் எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கும் என்று கேளுங்கள்.

2. வெயிட் போடுவதற்கு முன்பு குக்கரிலிருந்து ஆவி வரவேண்டும் என்பது ஏன்? அதே விதி மருத்துவமனையில் மீறப்பட்டால் யாருக்கு என்ன நேரும்?

3. வாளி எட்டு லிட்டராகவும், ஒரு வாளி கைமாற ஆறு நொடியாகவும் இருந்தால், பத்தாயிரம் லிட்டர் நிரப்ப எவ்வளவு நேரமாகும்?

4. உங்கள் வீட்டுச் சாமான்களை மூன்றே மூட்டைகளில் கட்ட வேண்டும்; அவற்றில் ஒன்று தொலைந்துபோகலாம். எதை எதனுடன் வைப்பீர்கள்?

மூன்றாம் கணக்குக்கு விடை: 1250 வாளி, 7500 நொடி, அதாவது இரண்டு மணி ஐந்து நிமிடம்.